கரும்பலகையில் பெயர் எழுதும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் 7ஆம் வகுப்பு படிக்கிறான். அமைதியானவன், நன்றாகப் படிப்பான். பள்ளி திறந்த முதல் வாரமே வகுப்பாசிரியை அவனைக் கிளாஸ் லீடராக்கினார். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தவனைப் பார்த்து வீடே மகிழ்ந்தது. என் மாமனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது மூன்று மாதம் ஆகிறது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும் என்பதுதான் அவனுடைய முக்கியமான வேலை. எழுதினால் நண்பர்கள் அவனோடு பேசுவதில்லை. எழுதாவிட்டால், "நீயும் அவர்களோடு சேர்ந்து நில்" என்று மிஸ் சொல்கிறாராம். போன வாரம் அவனுடைய கணக்கு நோட்டை யாரோ கிழித்துவிட்டார்கள். யார் என்று அவனுக்குத் தெரியும், சொல்ல மறுக்கிறான். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். ஆசிரியையிடம் பேசினேன். "நல்ல பிள்ளை என்றுதானே தேர்ந்தெடுத்தேன், இது அவனுக்குக் கிடைத்த மரியாதை" என்றார். நேற்று இரவு அவன் என்னிடம் கேட்டான்: "நான் என்ன தப்பு செய்தேன், என்னை ஏன் லீடராக்கினார்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இது கௌரவமா, தண்டனையா? பதவியிலிருந்து எடுத்துவிடச் சொல்லலாமா, பழகட்டும் என்று விட்டுவிடலாமா?

வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. இதை இன்று மாலையே அவனிடம் சொல்லுங்கள். "நீ ஒரு தப்பும் செய்யவில்லை. உன்னை நம்பித்தான் மிஸ் இந்த வேலையைக் கொடுத்தார். ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதி உன் வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதது. அதை மாற்றுவது பெரியவர்களின் பொறுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். இதோடு அறிவுரை எதையும் சேர்க்காதீர்கள். பாராட்டப்பட வேண்டிய ஒரு பிள்ளை மூன்று மாதமாகத் தன் குற்றம் எது என்று தேடிக்கொண்டிருக்கிறான். அந்தத் தேடலை முதலில் நிறுத்த வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆசிரியை மரியாதையாக நினைத்துத்தான் கொடுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொடுத்தவர் என்ன நினைத்தார் என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. அந்தப் பிள்ளையின் கையில் எந்த வேலை வந்து சேர்ந்தது, வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழி இருந்ததா என்பதைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இன்று இருக்கிற வடிவில் இது தண்டனைதான். குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராகப் பல பள்ளிகளுக்குப் போய்வருகிற நான் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

கிளாஸ் லீடர் என்ற ஒரே பேட்ஜுக்குக் கீழே இரண்டு வேறுவேறு வேலைகள் இருக்கின்றன. சாக்பீஸ் எடுத்து வருவது, நோட்டுகளை வாங்கி அடுக்கி ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோவது, இறைவணக்கத்துக்கு வரிசையை அழைத்துச் செல்வது, விடுப்பு எடுத்த பிள்ளைக்குப் பாடம் எதுவரை நடந்தது என்று சொல்வது ஆகியவை ஒருவகை. இவற்றைச் செய்கிற பிள்ளையை வகுப்பில் யாரும் வெறுப்பதில்லை. நோட்டு அடுக்குகிறவனிடம் "என்னுடையதை மேலே வை" என்று கெஞ்சுவார்கள், அவ்வளவுதான். பெயர் எழுதுவது இன்னொரு வகை. அங்கே அவன் வகுப்புக்காக எதையும் செய்வதில்லை. வகுப்பைப் பற்றி மேலே சொல்கிறான்.

தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் அந்தப் பலகையை நினைவிருக்கும். இடது ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு, கீழே ஒரு கோடு, வரிசையாகப் பெயர்கள். மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு 2, பிறகு 3. அதற்கும் மேலே போனால் 'அடங்கவில்லை'. அதைச் சிரித்தபடிதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சாக்பீஸைப் பிடித்து நிற்கிற பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். நாற்பது ஐம்பது பேர் இருக்கிற அறையில் யார் பேசினார்கள் என்பதைச் சரியாகக் கண்டுபிடிக்க ஒரு பெரியவராலேயே முடியாது. அவன் பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது பின்னால் பத்துப் பேர் பேசுவார்கள். ஒருவன் பெயர் ஏறும், ஒன்பது பெயர் ஏறாது. ஏறிய ஒருவனுக்கு அது அநியாயம், அந்த அநியாயத்தைச் செய்தவன் உங்கள் மகன். "அழித்துவிடுடா" என்று ஒருவன் கெஞ்சுவான், இன்னொருவன் மாலையில் பார்த்துக்கொள்கிறேன் என்பான், கொய்யாப்பழம் தருகிறேன் என்பவனும் இருப்பான். எவர் பேச்சைக் கேட்டாலும் அவன் வேறு யாருக்கோ துரோகி. ஆசிரியை திரும்பி வந்ததும் விசாரணை எதுவும் இருக்காது. பலகையில் பெயர் இருந்தால் எழுந்து நிற்க வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் மேலே, எழுதாவிட்டால் அவனே நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி அதுதான். நண்பனைக் காட்டிக்கொடு, இல்லையென்றால் அவனுடைய தண்டனையை நீ வாங்கிக்கொள் என்று ஒரு பிள்ளையிடம் சொன்ன பிறகு அதற்கு மரியாதை என்று பெயர் வைக்க முடியாது.

இந்தப் பழக்கத்துக்கு நம் மண்ணிலேயே நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிகளில் மூத்த அல்லது கெட்டிக்கார மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருப்பான். மற்றவர்களை மனப்பாடம் ஒப்பிக்க வைப்பதும், உபாத்தியாயர் இல்லாத நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பு. 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ வீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். மணலில் விரலால் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பிள்ளைகளை அவர் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே எழுத்து கற்றுக்கொடுக்கச் சொன்னபோது அங்கிருந்த உதவி ஆசிரியர் முடியாது என்றார். பெல் அந்த வேலையை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கொடுத்தார். அவன் தன்னைவிடச் சிறியவர்களுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுத்துக் காட்டினான். 1797இல் லண்டனில் பெல் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுவதும் பரவியது.

அந்த எட்டு வயதுச் சிறுவனும் தேர்ந்தெடுக்கப்பட்டவன்தான். அது மரியாதை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அவனிடம் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது, எழுத்து. அவன் செய்த வேலையால் இன்னொரு பிள்ளைக்கு ஒன்று கிடைத்தது. ஆனால் அதே யோசனை சில ஆண்டுகளில் எங்கே போனது என்று பாருங்கள். 1798 வாக்கில் லண்டன் சௌத்வர்க்கில் ஜோசப் லாங்காஸ்டர் ஏறக்குறைய இதே போன்ற முறையில் பள்ளி நடத்தத் தொடங்கினார். ஒரே கூடம், ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். அத்தனை பேரை ஒருவர் கட்டிமேய்க்க முடியாது என்பதால் மாணவத் தலைவர்கள் பாடம் சொல்வதோடு ஒழுங்கைக் காப்பவர்களாகவும் ஆனார்கள். பேசியவன், இடத்தைவிட்டு எழுந்தவன் ஆகியோரைக் கண்டுபிடித்து மேலே சொல்ல வேண்டும். அங்கே கொடுத்த தண்டனைகளில் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவதும், கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் இருந்தன. பெல்லின் முறையிலும் தவறுகளைப் பதியக் கறுப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. ஆசிரியர் குறைவு, பிள்ளைகள் அதிகம் என்கிற கணக்கு இறுகும்போதெல்லாம், கற்றுக்கொடுக்கும் பிள்ளை கண்காணிக்கும் பிள்ளையாக மாறிவிடுகிறான். இருநூறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் கணக்குதான் இன்றைக்கும் உங்கள் மகனின் வகுப்பறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் ஆசிரியையைக் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. பாடத்தின் நடுவில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். வராத ஆசிரியரின் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். பதிவேடு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், நலத்திட்டப் பட்டியல் என்று ஒவ்வொன்றாக வரும். அந்தப் பத்து நிமிடத்துக்கு வகுப்பை யாரிடமாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். நம்பிக்கையான ஒரு பிள்ளையைக் கண் தேடுகிறது. உங்கள் மகன் அகப்பட்டுவிட்டான்.

நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவர்களுக்கு நம் ஊரில் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் கூடுதல் வேலைதான். வீட்டில் மூத்த பெண்ணைப் பாருங்கள். சொன்னதைச் செய்கிறாள் என்பதற்காகவே தம்பியையும் தங்கையையும் அவள் தலையில் கட்டுகிறோம், பிறகு "அவள் பொறுப்பானவள்" என்று பெருமையாகச் சொல்கிறோம். அவளிடம் யாரும் கேட்பதில்லை. உங்கள் மகனிடமும் யாரும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். "லீடராக இருக்க உனக்கு விருப்பமா, என்ன செய்ய வேண்டியிருக்கும் தெரியுமா" என்று ஒரு நிமிடம் கேட்டிருந்தால், அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அல்லது ஆசையோடு ஒப்புக்கொண்டும் இருக்கலாம். ஒப்புக்கொண்டிருந்தால் இன்று "நான் என்ன தப்பு செய்தேன்" என்று கேட்டிருக்கமாட்டான்.

இதன் மறுபக்கத்தையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். வகுப்பிலேயே அதிகம் சேட்டை செய்கிறவனை லீடராக்கினால் அடங்கிவிடுவான் என்று ஒரு நம்பிக்கை ஆசிரியர்களிடம் உண்டு. சில சமயம் அது நன்றாகவே பலிக்கிறது. விளையாட்டுப் பொருள்கள் இருக்கும் அறையின் சாவியை அவனிடம் கொடுத்து, பந்துகளை எண்ணி வைப்பது உன் பொறுப்பு என்று சொன்னால், அதுவரை எல்லோரிடமும் திட்டு வாங்கியவன் நிமிர்ந்து நடப்பதைப் பார்க்கலாம். தன்னை ஒருவர் நம்பினார் என்பது அவனுக்குப் புதிது. ஆனால் அதே பையனின் கையில் சாக்பீஸைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னால் விபரீதம். பழைய கணக்கையெல்லாம் அவன் பலகையில் தீர்த்துக்கொள்வான். அல்லது, "லீடரே பேசலாமா" என்ற ஒரு வரியை வைத்து நாள் முழுவதும் அவன் வாயை அடைப்பதற்காகத்தான் பதவி கொடுத்தார்கள் என்பதை முதல் நாளே புரிந்துகொள்வான். பிள்ளைகள் இதில் ஏமாறுவதில்லை. தங்களுக்காகத் தேர்ந்தெடுத்தார்களா, ஆசிரியரின் வசதிக்காகவா என்பது அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

12 வயது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறேழு வயதில் ஆசிரியை சொல்வதுதான் சட்டம். "மிஸ், இவன் பேசுகிறான்" என்று ஓடிவந்து சொல்வதில் அந்த வயதுப் பிள்ளைக்குக் கூச்சமே இருக்காது. பத்து வயதைத் தாண்டும்போது அது மாறுகிறது. நியாயம் என்பது மேலேயிருந்து வருவது என்ற எண்ணம் தளர்ந்து, நாமெல்லோரும் சேர்ந்து ஒருவருக்கொருவர் காக்க வேண்டியது என்ற எண்ணம் உருவாகிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932இலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். இந்த வயதில் கோள் சொல்வது அவமானம், நண்பனைக் காப்பது பெருமை. இது கெட்டுப்போவதன் அடையாளம் அல்ல, வளர்ச்சி. உங்கள் மகன் நோட்டைக் கிழித்தவனின் பெயரைச் சொல்ல மறுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கோழைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பகல் முழுவதும் பெயர்களை எழுதவைக்கப்பட்ட பிள்ளை, தன்னால் மறுக்க முடிந்த ஒரே இடத்தில் ஒரு பெயரை எழுதாமல் வைத்திருக்கிறான். அந்தப் பெயரைக் கேட்டு அவனை நெருக்காதீர்கள்.

பெயர் எழுதுவதால் வகுப்பு அடங்குகிறதா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய இரு சகாக்களும் 1930களின் கடைசியில் ஏறக்குறைய இதே வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். சில குழுக்களை நடத்திய பெரியவர் எல்லாவற்றையும் தானே கட்டளையிட்டார். சில குழுக்களில் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்தார்கள். கட்டளையிடுகிறவர் அறையைவிட்டு வெளியே போனதும் அந்தக் குழுவின் வேலை படுத்துவிட்டது. பேசி முடிவு செய்த குழுக்களில் பெரியவர் இல்லாதபோதும் வேலை ஓரளவு அப்படியே நடந்தது. இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். கட்டளைக்குழுக்களில் பிள்ளைகள் தங்கள் கோபத்தைத் தலைவரிடம் காட்ட முடியாமல் தங்களில் ஒருவன் மீது காட்டினார்கள். கிழிந்த அந்தக் கணக்கு நோட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. வகுப்பின் கோபம் ஆசிரியை மீது. அது போய்ச் சேர்ந்த இடம் உங்கள் மகனின் பை.

இவ்வளவு சொன்ன பிறகும், பேட்ஜை உடனே பிடுங்கிவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பொறுப்பு பிள்ளைகளை மலரவைப்பதும் உண்மை. வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை இறைவணக்கத்தில் தினமும் செய்தி வாசிக்கத் தொடங்கிய பிறகு வகுப்பில் கேள்வி கேட்க ஆரம்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனுக்கும் அந்தப் பதவியில் பிடித்த ஒன்று இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் பதவியைப் பறித்தால், கேட்காமல் கொடுத்ததைக் கேட்காமல் எடுத்ததாக ஆகும்.

எனவே முதலில் அவனிடம் பேசுங்கள். எதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். கடைக்கு நடந்து போகும்போதோ, துணி மடிக்கும்போதோ கேளுங்கள். "லீடர் வேலையில் எது பிடிக்கும், எது பிடிக்கவில்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவன் சொல்வதைக் கேளுங்கள். இடையில், "அதெல்லாம் நீ கண்டுகொள்ளாதே" என்று சொல்லிவிடாதீர்கள். நண்பர்கள் பேசாமல் இருப்பது அவனுக்குப் பாதி உலகத்தை இழப்பது போல. அடிக்கச் சொல்கிறார்களா, ஸ்கேல் அல்லது பிரம்பு அவன் கையில் கொடுக்கப்படுகிறதா என்பதையும் மெல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனாலும் கேட்பது நல்லது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளைக்கு உடல் தண்டனை கொடுப்பதையும் மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. ஆசிரியரே செய்யக் கூடாததை மாணவன் கையால் செய்விக்கவும் கூடாது. அப்படி நடந்தால் அதில் பேச்சுவார்த்தைக்கு இடம் இல்லை, அன்றே தலைமையாசிரியரைப் பாருங்கள்.

பிறகு ஆசிரியையைச் சந்தியுங்கள். பள்ளி வாசலில் நின்றோ, பெற்றோர் கூட்டத்து நெரிசலிலோ பேச வேண்டாம். மாலையில் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்ற முறை நீங்கள் பேசியபோது, பதவி வேண்டாம் என்பதுபோல் அவருக்குக் கேட்டிருக்கலாம். அதனால்தான் மரியாதை என்று பதில் சொல்லியிருக்கிறார். இந்த முறை ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். "டீச்சர், நீங்கள் அவன் மேல் வைத்திருக்கிற நம்பிக்கைக்கு நன்றி. லீடர் வேலை எல்லாவற்றையும் அவன் செய்யட்டும். பெயர் எழுதுவதை மட்டும் எடுத்துவிடுங்கள். அதனால் அவனுக்கு வகுப்பில் நண்பர்களே இல்லாமல் போய்விட்டார்கள், நோட்டைக் கிழிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது." கிழித்தது யார் என்று அவர் கேட்டால், "எனக்குத் தெரியாது, அவனிடம் கேட்டு நெருக்க வேண்டாம், பொதுவாக வகுப்பில் பேசினால் போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

அவர் உடனே கேட்கப்போவது, "அப்படியானால் நான் இல்லாதபோது வகுப்பை யார் பார்ப்பது?" நியாயமான கேள்வி. பதில் இல்லாமல் போகாதீர்கள். வெளியே போகும்போது பலகையில் பெயர்களுக்குப் பதிலாக ஐந்து கணக்கோ, ஒரு பத்தியோ இருந்தால், லீடரின் வேலை எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணி வைப்பதாக மாறிவிடும். ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒருவர் தன் பெஞ்சின் நோட்டுகளை மட்டும் வாங்கி வைக்கலாம். சத்தம் அதிகமானால் லீடர் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம், "சார், வகுப்பு சத்தமாக இருக்கிறது" என்று பெயர் இல்லாமல் சொல்லலாம். அடக்குவது பெரியவரின் வேலை. முடிந்தால், ஆசிரியர் இல்லாதபோது எப்படி இருப்பது என்று ஒரு பீரியடு வகுப்போடு பேசி, பிள்ளைகள் சொல்லும் விதிகளையே சுவரில் ஒட்டலாம். நான் போகிற பள்ளிகளில் இதைச் செய்து பார்த்த ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதிக்கு வந்துவிடவில்லை. ஆனால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சுழற்சி முறையையும் கேட்டுப்பாருங்கள். வருகைப் பதிவு எண் வரிசையில் வாரத்துக்கு இரண்டு பேர், ஒரு பையனும் ஒரு பெண்ணுமாக. இதில் உங்கள் மகனைத் தாண்டியும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா வகுப்பிலும் ஒருபோதும் தேர்ந்தெடுக்கப்படாத பிள்ளைகள் இருக்கிறார்கள். மதிப்பெண் குறைவு, உருவம் சிறிது, ஊரில் யார் வீட்டுப் பிள்ளை என்பதுகூடச் சில இடங்களில் காரணமாகிவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டு பள்ளி வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தன்னிடம் யாரும் எதையும் நம்பி ஒப்படைக்கவில்லை என்ற நினைவோடு வெளியே போகிற பிள்ளையின் வலி, உங்கள் மகனின் வலியைவிடக் குறைந்தது அல்ல.

ஆசிரியை ஒப்புக்கொள்ளாமல், "அப்படியென்றால் வேறு பிள்ளையைப் போட்டுவிடுகிறேன்" என்று சொல்லலாம். மகனுக்கு அதில் சம்மதம் என்றால் நீங்களும் சம்மதியுங்கள். சாக்பீஸ் வேறொரு பிள்ளையின் கைக்குப் போகும் என்பது எனக்கும் உறுத்துகிறது. அதைத் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் பொதுவான கோரிக்கையாக நீங்கள் எழுப்பலாம், எழுப்ப வேண்டும். ஆனால் அந்தப் போராட்டம் முடியும்வரை உங்கள் மகன் பலகை அருகே நின்றுகொண்டிருக்கத் தேவையில்லை. பழகட்டும் என்று விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பழகிவிடுவான். பழகினால் அவன் கற்றுக்கொள்வது இரண்டில் ஒன்றாக இருக்கும். தன்னை விரும்பாதவர்களை அதிகாரத்தால் அடக்கலாம் என்று கற்பான், அல்லது இனி எந்தப் பொறுப்புக்கும் கை தூக்கக் கூடாது என்று கற்பான். இரண்டுமே நமக்கு வேண்டாம்.

பதவி மாறுவதாக இருந்தால் அது எப்படி மாறுகிறது என்பதில் கவனம் வேண்டும். பாட வேளையின் நடுவில், "இவனால் முடியவில்லை, அதனால் அவன்" என்று அறிவித்தால் உண்மையான தண்டனை அன்றுதான் தொடங்கும். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் இயல்பான திருப்பம். "இந்தப் பருவம் இவன் நன்றாகச் செய்தான், அடுத்த பருவம் இன்னொருவர்" என்று ஆசிரியை சொல்லி, புதியவரின் சட்டையில் உங்கள் மகன் கையாலேயே பேட்ஜைக் குத்தச் சொன்னால் போதும். ஆசிரியையிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார். மாமனாரிடம் மகன் சொல்வதற்கு முன்பே நீங்களே பேசிவிடுங்கள். பேரனின் பதவி போய்விட்டது என்று தெருவில் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொண்டால், அந்த ஏமாற்றம் முகத்தில் தெரியும். பிள்ளை அதைப் பார்ப்பான்.

கடைசியாக வயிற்றுவலி. அதை நடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனத்தின் நெருக்கடியால் பிள்ளைகளுக்கு வயிற்றில் உண்மையாகவே வலிக்கும், பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி. ஆனாலும் காரணம் பள்ளிதான் என்று நாமே முடிவு செய்துவிடாமல் ஒருமுறை குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, அடிக்கடி வாந்தி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. மருத்துவர் உடலில் ஒன்றுமில்லை என்று சொன்னால் மகனைப் பள்ளிக்கு அனுப்புங்கள். விடுப்பு எடுக்க எடுக்கத் திரும்பிப் போவது கடினமாகும். பெயர் எழுதும் வேலை போன பிறகு இரண்டு மூன்று வாரத்தில் திங்கட்கிழமை வலி குறைய வேண்டும். குறையாவிட்டால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. போகும் பஸ், பள்ளியின் கழிப்பறை, டியூஷன், மதிய உணவு நேரத்தில் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பது வரை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உள்ளூரில் ஆலோசகர் கிடைக்காவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் பேசலாம். எனக்கும் மறுபடி எழுதுங்கள்.